ஐந்நூற்றொன்றாவது யூனிட்

தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பகல் பதினொன்றரை மணி. டிசம்பர்தான், ஆனால் மேடவாக்கத்து வெயிலுக்கு மாதமெல்லாம் தெரியாது. விளக்குக்குக் கீழே ஷாமியானா, ஷாமியானாவுக்குள் மேடை, மேடைக்குப் பின்னால் பேனர்: மின் சிக்கன வார விழா. சீருடைப் பிள்ளைகள் நாற்பது பேர் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பையனின் அட்டையில் "தேவையற்ற விளக்குகளை அணைப்போம்" என்று எழுதியிருந்தது. அவன் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தான். பிறகு தன் அட்டையைப் பார்த்தான். மறுபடி கம்பத்தைப் பார்த்தான். டீச்சர் வந்து அவன் தலையைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். எங்கே பார்க்கக் கூடாது என்பதைச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், பாருங்கள்.

கூட்டம் முடிந்து ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். வழவழ தாள், நாலு கலர், பத்து யோசனை. தலைப்பில், "ஒரு யூனிட் சேமிப்பு இரண்டு யூனிட் உற்பத்திக்குச் சமம்."

இந்த வாசகத்தை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து படிக்கிறேன். படித்துப் படித்து ஒரு சந்தேகம் முற்றிவிட்டது. நான் ஒரு யூனிட் சேமித்தால் இரண்டு யூனிட் உற்பத்தி செய்தவன் ஆகிறேன். அப்படியானால் காற்றாலைக்காரருக்குக் கொடுப்பதுபோல எனக்கும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டாமா? கொடுக்க மாட்டார்கள். உற்பத்தியாளர் பட்டம் மேடைக்கு மட்டும்தான். பில் வரும்போது நாம் பழையபடி நுகர்வோர்.

முதல் யோசனை, செல்போன் சார்ஜரைப் பயன்படுத்தாதபோது பிளக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறது. சரி, எடுத்துவிடுவோம். ஆனால் எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. இப்போது வருகிற நல்ல சார்ஜர் ஒன்று போன் மாட்டாமல் சும்மா தொங்கினால் இழுப்பது 0.1 வாட் அளவு. இரண்டு மாதத்துக்கு 1,440 மணி நேரம். பெருக்கினால் 0.144 யூனிட். யூனிட் நாலரை ரூபாய் என்றால் 65 பைசா. இரண்டு மாதம் ஒரு நாளும் மறக்காமல், தூக்கக் கலக்கத்தில் குனிந்து, கட்டிலுக்கடியில் பிளக்கைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடுங்கினால், நான் நாட்டுக்குச் செய்கிற தொண்டு 65 பைசா. உண்டியலில் போட்டால் சாமி கோபித்துக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 20. வட சென்னை அனல்மின் நிலையத்தை ஆய்வு செய்த அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, பதிவேட்டில் இருக்கிற நிலக்கரியில் 2.38 லட்சம் டன் இருப்பில் இல்லை என்று சொன்னார். மதிப்பு 85 கோடி ரூபாய். பத்து டன் லாரியில் ஏற்றினால் 23,800 லாரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இதை மறைக்க எவ்வளவு சோறு வடிக்க வேண்டும்? புது ஆட்சி பழைய ஆட்சியைச் சொன்னது, பழைய ஆட்சி மறுத்தது. நிலக்கரி வாய் திறக்கவில்லை.

ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ நிலக்கரி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். காணாமல்போனதில் 31 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளை இரண்டேகால் கோடி என்று வையுங்கள். அத்தனை வீட்டிலும் ஆளுக்கொரு சார்ஜரைப் பிடுங்கி வைத்தால், அந்த நிலக்கரியை ஈடுகட்டப் பதினாறு வருஷம் ஆகும். பதினாறு வருஷம், இரண்டேகால் கோடிப் பேர், ராத்திரி ராத்திரி கட்டிலுக்கடியில் குனிய வேண்டும். பிரசுரத்தின் பத்து யோசனைகளில் "நிலக்கரியை எண்ணி வைப்போம்" என்று ஒன்றாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயர்தான் இருந்தது.

நம் ஊரை மட்டும் திட்டக் கூடாது. இந்த வியாதிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. 2022 ஜனவரியில் இங்கிலாந்தில் எரிசக்தி விலை ஏறி, குளிரில் ஹீட்டர் போடவா சோறு வாங்கவா என்று மக்கள் விழித்துக்கொண்டிருந்த நேரம், ஓவோ என்ற நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொன்னது: வளர்ப்புப் பிராணியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள், சூடாகக் கஞ்சி குடியுங்கள், கையைக் காலை விரித்துக் குதியுங்கள். அப்புறம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பதவி விலகப்போகிற பிரதமர் போரிஸ் ஜான்சன் இன்னும் ஒருபடி மேலே போனார். 20 பவுண்டு கொடுத்துப் புதுக் கெட்டில் வாங்குங்கள், ஆண்டுக்கு 10 பவுண்டு மிச்சம் என்றார். அங்கே பூனையைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள், இங்கே சார்ஜரைப் பிடுங்கச் சொல்கிறார்கள். பில்லை ஏற்றியவர்களின் கையைப் பிடிக்கச் சொல்லி எந்த நாட்டுப் பிரசுரத்திலும் இல்லை.

நாலாவது யோசனை ஏசியை 24 டிகிரியில் வைக்கச் சொல்கிறது. இதைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் மின்சாரம் மிச்சமாவது உண்மை. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் தானாகவே 24ல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர், இனி ஏசியை 20க்குக் கீழே இறக்கவே முடியாதபடி செய்யப்போகிறோம் என்றார். செய்யட்டும். நான் கேட்பது வேறு. இதை யாரிடம் சொல்கிறீர்கள்? சிமென்ட் மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறவனிடமா? பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை ராத்திரி பத்து மணிக்குமேல்தான் எங்கள் தலையில் கக்க ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் 24 டிகிரியைப் பார்ப்பதற்கு மார்கழி வர வேண்டும், அல்லது நாங்கள் ஏதாவது அரசுக் கூட்ட அரங்குக்குப் போக வேண்டும். அங்கே போனால் அதிகாரிகள் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மே மாதத்துச் சென்னையில் கோட்டு போட ஒரு மனிதனுக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்று எந்த விஞ்ஞானியாவது ஆராய வேண்டும்.

சரி, சிக்கனமாகவே இருந்த ஒரு வீட்டைக் காட்டுகிறேன். பாளையங்கோட்டையில் என் அக்கா வீடு. சொந்த வீடு, சொந்த மீட்டர். அம்மாவும் அங்கேதான். 2023 கத்திரி வெயில். அந்த வீட்டில் காலண்டர் இரண்டு: ஒன்று தினத்தாள் காலண்டர், இன்னொன்று மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அத்தான் பென்சிலால் சுவரில் எழுதிவைக்கிற கணக்கு. இரண்டு மாத ரீடிங் தவணையின் ஐம்பத்தெட்டாம் நாள் 476 யூனிட். அன்று முதல் வீட்டில் ஊரடங்கு.

"ஏட்டி, ஹால் ஃபேன அணைச்சாச்சா?"

"அங்கன அம்மா படுத்திருக்காவ."

"அவ்வள உள் ரூமுக்கு வரச் சொல்லு. ரெண்டு ஃபேன் எதுக்கு?"

எழுபத்தெட்டு வயது அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு உள் அறைக்குப் போனாள். போகும்போது பனையோலை விசிறியையும் எடுத்துக்கொண்டாள். கிரைண்டர் ஓடவில்லை, கடையில் மாவு பாக்கெட். இஸ்திரிப்பெட்டி பீரோவுக்கு மேலே ஏறியது. அறுபதாம் நாள் 490. அத்தான் முகத்தில் பரீட்சை எழுதி முடித்த பையனின் களை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ரீடிங் எடுக்கிறவர் வரவில்லை. திங்கள் வரவில்லை. செவ்வாய் மத்தியானம் வந்தார். மெஷினைப் பார்த்தார். போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: 504.

இனி 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணப்படி கணக்குப் போடுகிறேன். அதற்குப் பிறகு ஏறியது தனி. 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு இரண்டேகால் ரூபாய், 400 வரை நாலரை, 500 வரை ஆறு. மொத்தம் 1,725. 500ஐத் தாண்டினால் அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகை ஓடிப்போகும். கீழே இருந்தே நாலரை போட்டு வருவார்கள், 500க்கு மேலே எட்டு ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. அதாவது ஐந்நூற்றொன்றாவது யூனிட்டின் விலை 233 ரூபாய். ஒரு யூனிட் என்பது நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் பதின்மூன்று மணி நேரம் சுற்றுகிற மின்சாரம். அதற்கு 233 ரூபாய்! என் அம்மா உள் அறையில் வியர்த்துக்கொண்டு விசிறியால் விசிறிய இரண்டு ராத்திரிக்கும் சேர்த்து, 500ல் நின்றிருந்தால் ஆகியிருப்பதைவிட அக்கா 257 ரூபாய் அதிகம் கட்டினாள்.

தாமதம் வாரியத்துடையது. தண்டம் அம்மாவுக்கு. ரீடிங் எடுக்க வந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தரே ஊரெல்லாம் கேட் கேட்டாகத் திறந்து, நாய்க்குப் பயந்து, எவர் வீட்டு வசவையோ வாங்கிக்கொண்டு நடக்கிறார். காலிப் பணியிடத்தை நிரப்பாதவர்கள் குளிர்ந்த அறையில் இருக்கிறார்கள்.

மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. ஆட்சி வந்தது. வருஷங்கள் போயின. மாதம் மட்டும் வரவில்லை. கோட்டையின் காலண்டரில் மாதத்துக்கு அறுபது நாள் போலிருக்கிறது. இதற்கு எதிர்க்கட்சி என்ன செய்தது என்று கேட்காதீர்கள், அங்கேயும் ஒரே நாடகம்தான், வேஷம் மட்டும் மாறும். 2020 ஜூலை 21 அன்று ஊரடங்கு காலப் பில்லை எதிர்த்து வீட்டு வாசலில் கறுப்புக்கொடி ஏற்றியது தி.மு.க. இரண்டு வருஷம் கழித்துக் கட்டணத்தை உயர்த்தியதும் அதே தி.மு.க.தான். அப்போது தெருவுக்கு வந்தது அ.தி.மு.க. கொடி தைக்கிறவருக்கு மட்டும் எந்த ஆட்சியிலும் வேலை உண்டு.

அக்காவுக்காவது சொந்த மீட்டர். என் கதைக்கு வருகிறேன்.

நான் மாடி போர்ஷன். எதிரில் இன்னொரு போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர். மூன்று வீட்டுக்கும் ஈபி கனெக்‌ஷன் ஒன்றுதான். எங்களுக்கு மாடிப்படிக்கு அடியில் ஆளுக்கொரு சப் மீட்டர். யூனிட் ஒன்பது ரூபாய். வாடகைக்கு வந்த அன்று அட்வான்ஸை எண்ணி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "கரண்டு மட்டும் ஒம்பது ரூபா சார். நாங்க ஒண்ணும் லாபம் வெக்கறதில்ல. மொத்தமா சேர்ந்தா ஸ்லாப் எகிறிடுது பாருங்க."

நம்பினேன். ஸ்லாப் எகிறுவது உண்மைதானே. மூன்றாவது வருஷம்தான் கனெக்‌ஷன் நம்பரை வைத்து ஆன்லைனில் பார்க்கத் தோன்றியது. அந்தத் தவணைக்கு மூன்று வீட்டுக்கும் சேர்த்து 1,000 யூனிட். பில் 6,550 ரூபாய். எங்கள் சப் மீட்டரில் 350, எதிர் போர்ஷனில் 350. ஆக 700 யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வீதம் ஓனர் எங்களிடம் வாங்கியது 6,300. மீதி 250 ரூபாயைத் தன் கைக்காசிலிருந்து போட்டு, கீழ்வீட்டின் 300 யூனிட்டை அனுபவித்துக்கொண்டார். ஏசி அவர் வீட்டில்தான். இதற்குமேல் தண்ணீர் மோட்டாருக்கு என்று மாதம் 150 ரூபாய் ஆளுக்கு. இரண்டு வீடு, இரண்டு மாதம், 600. ஆக வாரியத்துக்குக் கட்டியதுபோக 350 ரூபாய் மிச்சம்.

1957ல் தொடங்கிய மின்சார வாரியம், இரண்டாய்ப் பிரித்து, மூன்றாய்ப் பிரித்து, பெயர்ப்பலகையை மாற்றி மாற்றி எழுதியும் ஒன்றரை லட்சம் கோடிக்குமேல் கடனில் முழுகிக் கிடக்கிறது. எங்கள் ஓனரோ ஒரே ஒரு கனெக்‌ஷன், இரண்டு சப் மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தவணையும் லாபத்தில் ஓட்டுகிறார். வாரியத் தலைவர் பதவிக்கு ஆள் தேடுகிறவர்கள் மேடவாக்கம் வந்து போகலாம்.

தனி மீட்டர் இருந்தால் அந்தக் கட்டணப்படி என் 350 யூனிட்டுக்கு 900 ரூபாய். நான் கட்டுவது 3,150. முதல்வராகப் பதவியேற்ற அன்றே, 2016 மே 23ல், ஜெயலலிதா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 100 யூனிட் இலவசம் எங்கள் வீட்டுக்கும் வந்தது உண்மை. ஆனால் அது மாடிப்படி ஏறியதில்லை. உரிமம் இல்லாமல் மின்சாரத்தை விநியோகிக்கவோ வாங்கி விற்கவோ கூடாது என்று 2003 மின்சாரச் சட்டம் பன்னிரண்டாம் பிரிவில் சொல்கிறது. சட்டமும் படி ஏறவில்லை. இந்த நகரத்தில் எத்தனை ஆயிரம் மாடிப்படிக்கு அடியில் எத்தனை ஆயிரம் குட்டி வாரியங்கள் நடக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கிற யாருக்கும் அந்தச் சப் மீட்டர் கண்ணில் படாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அட்டை பிடித்த அந்தப் பையனைப்போல எல்லாருடைய தலையையும் யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.

எதிர்த்துக் கேட்டாயா என்பீர்கள். கேட்டேன். "பரவால்ல சார், உங்களுக்குக் கட்டுப்படியாகலன்னா வேற எடம் பாத்துக்கங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். அவர் நினைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நான்தான் லாரி வாடகை, புது அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். 2022 நவம்பரில் ஈபி நம்பரோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது அவர் நாலு நாள் தூங்கவில்லை. எங்கள் ஆதார் ஒட்டிக்கொண்டால் வீடே எங்களுடையது ஆகிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒன்பது ரூபாய் வாங்கும்போது வராத பயம் பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு வந்தது.

பிரசுரத்தின் ஆறாவது யோசனைதான் என்னை உண்மையிலேயே எரிய வைத்தது. "பழைய மின்விசிறிகளை மாற்றி பிஎல்டிசி மின்விசிறி பொருத்துங்கள்." அறிவுள்ள யோசனை, அதனால்தான் எரிச்சல். பழைய ஃபேன் 75 வாட். நாளுக்கு இருபது மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். பிஎல்டிசி 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கும், 36 யூனிட்தான். ஒரு ஃபேனில் 54 யூனிட் மிச்சம். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம். எல்லாம் சரி. என் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் யாருடையது? ஓனருடையது. இரண்டு தடவை காயில் கட்டிய கிழட்டு ஃபேன். அதை அவர் ஏன் மாற்ற வேண்டும்? அது தின்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவருக்கு ஒன்பது ரூபாய் வருகிறது. அது கறவை மாடு. கறக்கிற மாட்டை எவன் விற்பான்? நான் மூவாயிரம் கொடுத்து மாட்டினால், காலி பண்ணும்போது ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக்கொண்டு, "ஹூக்குல கீறல் விழுந்திருக்கே" என்று அட்வான்ஸில் ஐந்நூறு பிடித்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சேமிக்கத் தெரியாதவர்கள் என்று எங்களுக்குப் பெயர். ஃபேன் எங்களுடையதில்லை, கூரை எங்களுடையதில்லை, மீட்டர் எங்களுடையதில்லை. சுவிட்ச் மட்டும் எங்களுடையது. அதனால்தான் பத்து யோசனையும் சுவிட்சைப் பற்றியே இருக்கிறது.

எங்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். 2006 செப்டம்பர் 15ல் தி.மு.க. கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15ல் அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கத் தொடங்கியது. இரண்டும் அண்ணா பிறந்தநாள். மூன்று சாமானும் வீட்டுக்கு வந்த மறுவருஷம், 2012ல், மின்வெட்டு பல மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. சென்னைக்கு மட்டும் இரண்டு மணி நேரம், தலைநகரம் இல்லையா. மற்ற ஊர்க்காரர்கள் இலவச ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஜெயலலிதா படம் போட்ட ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டார்கள். தாலியைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையை ஒளித்துவைத்த கதை.

இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஒரு கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் இருவர் மேடையேறி, மின்சாரத்துக்கு மாறுங்கள், சமையலையும் மின்சாரத்தில் செய்யுங்கள் என்று பிரசாரம் தொடங்கினார்கள். 2022ல் கேஸ் சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. எதிர் போர்ஷன்காரர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. இப்போது அந்த அடுப்பின் மேல் அவர்கள் காய்கறிக் கூடையை வைத்திருக்கிறார்கள். உறுதியான, வழவழப்பான, அடியில் நாலு ரப்பர் கால் வைத்த கூடைத் தாங்கி. சிலிண்டருக்கும் ஈபிக்கும் நடுவில் அந்த வீட்டம்மா மாட்டிக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம் போனால் ஒருத்தர் அடிக்கிறார், அந்தப் பக்கம் போனால் இன்னொருத்தர்.

எங்கள் பேட்டைத் திருப்பத்தில் மாதம் ஒருமுறையாவது பொதுக்கூட்டம் நடக்கும். கட்சி எதுவானால் என்ன, சீரியல் லைட் ஒரே மாதிரிதான் எரியும். சாலை நெடுக டியூப் லைட், கட்அவுட்டின் தலையைச் சுற்றி ஓடுகிற ஒளிவட்டம். அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள், கம்பத்தில் போய்க் கொக்கியாக முடியும். சட்டப்படி இது மின்திருட்டு, மூன்று வருஷம் வரை சிறை. ஏழை குடிசையில் கொக்கி போட்டால் ஸ்குவாட் வரும், போட்டோ எடுக்கும். கூட்டத்துக்குக் கொக்கி போட்டால் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வரும். பக்கத்து மாநிலத்தில் 2023 தீபாவளிக்கு முன்னாள் முதல்வர் குமாரசாமியின் பெங்களூரு வீட்டு அலங்கார விளக்குக்குத் தெருக்கம்பத்திலிருந்து நேராக இழுத்திருந்தார்கள். வழக்குப் பதிவானது. அலங்காரம் செய்ய வந்தவர் தெரியாமல் செய்துவிட்டார் என்றார் அவர். 68,526 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அடுத்த வருஷம் மத்திய அமைச்சரானார். தெரியாமல் செய்கிறவர்களுக்கு இந்த நாட்டில் எப்போதும் ஒரு எதிர்காலம் உண்டு. என் அம்மா தெரிந்தே சேமித்தாள், அவளுக்குக் கிடைத்தது 257 ரூபாய் தண்டம்.

பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தெருவிளக்கைப் பற்றி லைன்மேனிடம் சொன்னேன். "லைட் உள்ளாட்சியோடது சார், எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்றார். உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டால் எங்கள் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னது ஒரு குரல். குறித்துக்கொண்டேன். விளக்கு எரிந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ஓனர். சப் மீட்டர் ரீடிங் நாள். மாடிப்படி பல்பை அவர் போன மாதமே சிக்கனத்துக்காகக் கழற்றிவிட்டார், அதனால் இருட்டில் தடவிக்கொண்டே ஏறி வந்திருந்தார்.

"சார், கொஞ்சம் டார்ச் அடிங்களேன். மீட்டர் தெரியல. என் போன்ல சுத்தமா சார்ஜ் இல்ல."

என் போனின் டார்ச்சை அடித்துக்கொண்டு அவரோடு கீழே இறங்கினேன். என் மீட்டரை என் வெளிச்சத்தில் அவர் படித்தார். நோட்டில் எழுதினார். பழைய எண்ணைக் கழித்து, ஒன்பதால் பெருக்கி, கீழே இரண்டு கோடு போட்டார்.

"மூவாயிரத்து எண்பத்தேழு சார். போன வாட்டிய விட கம்மிதான். சிக்கனமாத்தான் இருக்கீங்க."

"பத்து நிமிஷம் இருங்க, ஜீபே பண்றேன்" என்றேன்.

"ஒண்ணும் அவசரமில்ல. எங்க வீட்டு ஹால் சுவிட்ச் போர்டுல ஏதோ லூஸ் கனெக்‌ஷன். உங்க வீட்ல கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கவா சார்?" என்று சட்டைப் பையிலிருந்து சார்ஜரை எடுத்தார். உள்ளே வந்து, என் கட்டிலுக்கடியில் குனிந்து, பிளக்கைத் தடவிக் கண்டுபிடித்துச் சொருகினார். நாங்கள் டீ குடித்தோம். தெருவில் காலையில் நடந்த விழாவைப் பற்றிப் பேசினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். முக்கால் மணி நேரம் கழித்துப் போனை மட்டும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

சார்ஜர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்ச் ஆனில் இருந்தது.